பதினேழு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு, எங்கள் டிரைவிங் ஸ்கூலிலிருந்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு எங்களுக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "காலேஜ் திறக்குறதுக்குள்ள பையனுக்குக் கார் கத்துக் குடுத்துடுங்க சார். பதினேழரை ஆகுது, இன்னும் ஆறு மாசந்தானே." முடியாது என்று சொன்னால் சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம். "பக்கத்துல இன்னொரு இடத்துல சேத்துக்கிறாங்களாமே" என்றுகூடச் சொல்வார்கள். போனில் இரண்டு நிமிடத்தில் விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் பொது இடத்தில் கார் ஓட்டக் கூடாது. எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம்கூட காருக்கு அதற்கு முன் கிடையாது. எங்கள் காரில் பயிற்றுநர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கிறது. அது கற்றுக்கொள்பவருக்குப் பாதுகாப்பே தவிர, வயதுக்குச் சலுகை இல்லை. எல்.எல்.ஆர். இல்லாத ஒருவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தால் அது எங்கள் மேலும் குற்றம், உங்கள் பிள்ளை மேலும் குற்றம்.

"ரோட்டுல இல்ல சார், எங்க காலனிக்குள்ளதான்" என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். பொது இடம் என்று சட்டம் சொல்வது மெயின் ரோட்டை மட்டும் அல்ல. பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்தத் தெருவும், சந்தும், மைதானமும் அதில் அடங்கும். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் விடியற்காலையில் அப்பா பக்கத்தில் உட்கார, பிள்ளை கார் ஓட்டுவதை நாங்கள் வாரம் தவறாமல் பார்க்கிறோம். அதே தெருக்களில் அந்த நேரத்துக்குத்தான் வயதானவர்கள் நடக்க வருகிறார்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னால் போதாது. உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் நடந்தது, அல்லது நடக்காமல் இருக்க நாம் ஆன மட்டும் பார்த்தோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. சாவியை டிவி மேல் வைத்துவிட்டு இதை எப்படி நிரூபிப்பது?

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது இன்னொன்று. அப்படிச் சிக்கிய பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆரும் கிடையாது, லைசென்சும் கிடையாது. 25 வயது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். படிப்பு முடிந்து, முதல் வேலை கிடைத்து, சிறுசேரியிலோ ஒரகடத்திலோ கம்பெனி வண்டி வராத ஷிப்டுக்குப் போக வேண்டிய வயது அது. ஆறு மாதம் பொறுக்காததற்கு ஏழு வருடம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டி வரும். இத்தனைக்கும் இது யார் மேலும் மோதாமலே வரக்கூடிய தண்டனை. மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பான வழக்குகள் ஏராளம்.

அடுத்த கேள்வி ஸ்கூட்டர் பற்றியது. "பதினாறு வயசுல கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே?" ஓட்டலாம், ஆனால் 50 சிசிக்கு மேல் போகாத வண்டியைத்தான். அதற்கும் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்து எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். டிவிஎஸ் 50 தெருவுக்குத் தெரு ஓடிய காலத்தில் அந்த விதிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. கியர் இல்லை என்பதால் அவை பதினாறு வயதுக்கான வண்டி ஆகிவிடாது. பேட்டரி ஸ்கூட்டருக்கும் இதே கதைதான். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகும், 250 வாட்டுக்கு மேல் போகாத சின்ன வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் வேண்டாம். நம்பர் பிளேட்டோடு 70, 80 போகிற பேட்டரி வண்டிக்கு 18 வயதும் லைசென்சும் கட்டாயம். டியூஷனுக்குப் போக மகளுக்கு ஒன்று வாங்கும் முன் இதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள். போன வருடம் எங்களிடம் ஒரு பையன் வந்தான். வயது பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டுதான் வந்தான். பதினைந்து வயதிலிருந்தே அப்பா மைதானத்தில் ஓட்டக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே கியர் மாற்றுவது வெண்ணெய் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எல்.பி. ரோட்டில், ஸ்டாப்பில் நின்ற ஒரு மாநகரப் பேருந்தைத் தாண்டும்போது, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பாட்டி குறுக்கே வந்துவிட்டார். பையனின் கை ஹாரனுக்குப் போனது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. பயிற்றுநராகப் பக்கத்தில் இருந்த என் தம்பி தன் பக்கத்து பிரேக்கை மிதித்ததால் பாட்டி கையிலிருந்த பையைக் கூடத் தவறவிடவில்லை. பையன் நடுங்கிப்போய் வண்டியை ஓரங்கட்டினான். அவனுக்கு ஓட்டத் தெரியும். நின்ற பஸ்ஸுக்கு முன்னால் ஆள் வருவார் என்று எதிர்பார்க்கத் தெரியாது. மைதானத்தில் அதைக் கற்க வழியே இல்லை. மூன்று வருடப் பழக்கத்தை மாற்ற எங்களுக்கு முழுதாக இரண்டு வாரம் பிடித்தது.

அதனால்தான் சொல்கிறேன், பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குக் காலையும் கையையும் பழக்க வேண்டாம், கண்ணைப் பழக்குங்கள். நீங்கள் காரோ ஸ்கூட்டரோ ஓட்டும்போது, என்னென்ன கவனிக்க வேண்டியிருக்கிறது என்று அவனையோ அவளையோ வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "முன்னாடி ஷேர் ஆட்டோ, கை காட்டுறாங்க, நிக்கப் போகுது." "பஸ்ஸுக்கு இடது பக்கம் ஒரு பைக் நுழையுது." "மெட்ரோ தடுப்பு முடியுற இடம், எதிர்ல வர்றது தெரியல." மத்திய கைலாஷிலிருந்து திருவான்மியூர் வருவதற்குள் இருபதாவது சொல்லிவிடலாம். நீங்கள் பார்க்காத ஒன்றைப் பிள்ளை பார்த்துச் சொல்லும் நாள் வரும். காசே இல்லாத இந்தப் பயிற்சிக்கு ஈடாக எங்களிடம் ஒன்றும் இல்லை. அப்புறம், வண்டியில் இருக்கும்போது உங்கள் போன் அடித்தால் எடுக்காதீர்கள். பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் ஹெல்மெட் மாட்டுங்கள். சென்னை நகருக்குள் கார் 60, டூவீலர் 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30 என்ற வேக வரம்பை நீங்கள் காப்பாற்றினால் பிள்ளையும் காப்பாற்றும்.

சரி, பதினெட்டு ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கு மறுநாளே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். சாரதி இணையதளத்தில் நீங்களே செய்யலாம், அருகிலுள்ள இ-சேவை மையத்திலும் செய்யலாம், எங்களிடம் வந்தாலும் செய்து தருவோம். சாலைக் குறியீடுகள், சிக்னல், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை என்று கம்ப்யூட்டரில் கேள்விகள் வரும். விடைகளை மனப்பாடம் செய்து போகிறவர்கள்தான் தவறவிடுகிறார்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆனால் அதை எடுத்து 30 நாள் ஆன பிறகே லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். அதுவரை காரில் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டூவீலரில் சொல்லித் தருபவரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது, நண்பனைக்கூட. எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு தனியாகக் கார் எடுத்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது லைசென்ஸ் இல்லாமல் போவது போலத்தான்.

எங்கள் கார் வகுப்பு தினம் அரை மணி நேரம், 21 நாள். கூட்டினால் பத்தரை மணி நேரம் வரும். குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரம் நிஜமாக ஓட்ட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. "பத்து நாள்ல முடிச்சுக் குடுங்க" என்றால் மன்னிக்கவும். "எட்டு போட மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாலும் அப்படியே. டூவீலர் டெஸ்டில் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்டுவது மெதுவான வேகத்தில் வண்டியைச் சமாளிக்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஓ.எம்.ஆரில் வலது பக்கம் திரும்ப அது உதவாது. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன் தவறவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அனுப்புவதில் லாபம் இல்லை. 2024 ஜூன் முதல் டிரைவிங் ஸ்கூலிலேயே டெஸ்ட், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதையும் கேட்கிறார்கள். விதியில் மாற்றம் இல்லை என்று மத்திய அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற பெரிய பயிற்சி மையங்களின் சான்றிதழுக்கு மட்டுமே அந்த விலக்கு உண்டு. நாங்கள் அந்த வகை இல்லை. எங்கள் மாணவர்கள் டெஸ்டுக்குப் போகத்தான் வேண்டும்.

விண்ணப்பிக்கும்போதே கியர் உள்ள டூவீலருக்கும் காருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்துவிட்டு, பிறகு பைக் வாங்கித் திரும்பவும் எல்.எல்.ஆருக்கு வருபவர்கள் அதிகம். இந்த வயதில் வாங்கும் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக இனி ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 மணிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் சாலைக் குறியீடுகளும் கை சிக்னலும் சொல்லித் தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்டியரிங்கும் இல்லை. பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பதினெட்டு முடிந்தவர்கள் சேர வரும்போது ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ் எடுத்து வாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் இன்ஷியலும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதை முதலில் சரி செய்துகொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டிரைவிங் ஸ்கூல்,
திருவான்மியூர்