தம்ப்டிரைவில் இயங்குதளம் கேட்டு வருவோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதன் பிறகு, விண்டோஸ் 11க்கு மாற்ற முடியாத மடிக்கணினியோடு கடைக்கு வந்து, "இந்தத் தம்ப்டிரைவில் லினக்ஸ் போட்டுக் கொடுங்கள், எந்தக் கணினியிலும் செருகிப் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்று கேட்போர் பெருகியிருக்கிறார்கள். கணினியின் உள்வட்டைத் தொடாமலேயே, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் போன்ற புதிய இயங்குதளம் ஒன்றைப் பழகிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதே எங்கள் கருத்தும். ஆயினும் சாதாரண தம்ப்டிரைவில் முழு நிறுவலைச் செய்து தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

தம்ப்டிரைவில் இயங்குதளத்தை இரண்டு விதமாக வைக்கலாம். முழு நிறுவல் என்பது கணினியின் உள்வட்டில் செய்வதைப் போலவே எல்லாக் கோப்புகளையும் விரித்து எழுதுவது. மற்றது 'லைவ்' முறை. இதில் இயங்குதளம் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக, மாற்ற முடியாத நிலையில் இருக்கும். நீங்கள் சேமிக்கும் கோப்புகளும் செய்யும் அமைப்பு மாற்றங்களும் தனியாக ஒதுக்கப்பட்ட இடத்தில் பதிவாகும். அப்படி இடம் ஒதுக்காவிட்டால், கணினியை அணைத்ததும் நீங்கள் செய்த எதுவும் மிஞ்சாது. வீட்டில் தாங்களே செய்துபார்த்தவர்கள் பலர் "நேற்றுச் சேமித்தது இன்று காணவில்லை" என்று வருவது இதனால்தான்.

முழு நிறுவலுக்குத் தம்ப்டிரைவ் ஏன் தாங்குவதில்லை? அதில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் சிறிய துண்டு ஒன்றை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியையே அழித்தாக வேண்டும். ஒரு வரியைத் திருத்துவதற்காகப் பக்கம் முழுவதையும் மறுபடி எழுதுவது போன்ற வேலை அது. இணைய உலாவி ஒன்று திறந்திருந்தாலே போதும், பின்னணியில் சின்னச் சின்னக் கோப்புகள் ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதே வகை நினைவகத்தைக் கொண்ட எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு இந்தச் சுமையை நினைவகம் முழுவதும் பரப்பிவிடும். விலை குறைந்த தம்ப்டிரைவில் உள்ள எளிய சில்லால் அது சரிவர முடிவதில்லை. அதனால் சுட்டி உறைந்து நிற்கும், தம்ப்டிரைவ் தொட முடியாத அளவுக்குச் சூடேறும், கடைசியில் ஒரு நாள் திறக்கவே திறக்காது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே, தம்ப்டிரைவ் கொண்டு வந்தால் லைவ் முறையிலும், கையடக்க எஸ்எஸ்டி கொண்டு வந்தால் முழு நிறுவலாகவும் செய்து தருகிறோம். லைவ் முறைக்கு உபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளையும் வைத்திருக்கிறோம். பழைய மடிக்கணினிக்கு எம்எக்ஸ் இலகுவாக இருக்கும். தமிழில் எழுதுவோர் முன்கூட்டியே சொன்னால் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தே தருவோம். விண்டோஸையே தம்ப்டிரைவில் கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: 'விண்டோஸ் டு கோ' என்ற வசதியை மைக்ரோசாஃப்டே 2020இல் விண்டோஸ் 10இன் '2004' என்று எண்ணிடப்பட்ட பதிப்பிலிருந்து நீக்கிவிட்டது, அதை நாங்கள் செய்வதில்லை.

முழு நிறுவலை வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து நிறுவினாலும், கணினியைத் துவக்கும் நிரலை மட்டும் உள்வட்டில் எழுதிவிடும் நிறுவிகள் உண்டு. எஸ்எஸ்டியைக் கழற்றிய பிறகு விண்டோஸ் வராமல், கறுப்புத் திரையில் அந்தத் துவக்க நிரலின் பெயரான 'கிரப்' என்ற சொல்லோடு கணினி நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. நாங்கள் உள்வட்டின் இணைப்பை எடுத்துவிட்ட பிறகுதான் நிறுவத் தொடங்குவோம்.

பயன்படுத்தும்போது, கணினியை இயக்கிய உடனே துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஆப்பிளின் எம்1 முதலான சில்லுகள் கொண்ட மேக் கணினிகளில் இந்தத் தம்ப்டிரைவ் இயங்காது. லைவ் முறையில் முகப்புத் திரை வந்ததும் இயங்குதளத்தை நிறுவுவதற்கான சின்னம் ஒன்று கண்ணில் படும். அதைத் தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்து, வட்டை முழுவதும் அழிக்கும் தெரிவுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால், கணினியில் இருக்கும் குடும்பப் படங்கள் உட்பட அனைத்தும் போய்விடும். வேலை முடிந்ததும் முறையாக அணைத்து, தம்ப்டிரைவின் விளக்கு மின்னுவது நின்ற பிறகே கழற்றுங்கள்.

விண்டோஸ் கணினியில், வட்டில் உள்ளதைப் பிறர் படிக்காமல் காக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், துவக்க அமைப்புகளை மாற்றிய பின் அது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். எதையும் மாற்றும் முன் அதை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களிலும் அலுவலகக் கணினிகளிலும் இதைச் செருக வேண்டாம். அவை நிர்வாகக் கட்டுப்பாட்டில் உள்ளவை, பெற்றோர் கேட்டாலும் நாங்கள் அவற்றில் கைவைப்பதில்லை.

கேட்பவர்களுக்குச் சேமிப்புப் பகுதியைக் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்து தருகிறோம். எம்ஆர்டி ரயிலில் தவறவிட்டாலும், எடுத்தவர் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் எங்களாலும் அதைத் திறக்க இயலாது என்பதைத் தயவுசெய்து முன்பே அறிந்துகொள்ளுங்கள். மறையாக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் கோப்புகளின் ஒரே பிரதி அந்தத் தம்ப்டிரைவில் இருக்கக் கூடாது.

இன்னொன்று: லைவ் முறையில் அடிப்படைக் கோப்பு மாறாது என்பதால், புதுப்பிப்புகள் அனைத்தும் ஒதுக்கிய இடத்திலேயே சேர்ந்து சேர்ந்து அதை நிரப்பிவிடும். அவ்வப்போது கொண்டு வந்தால் புதிய பதிப்பை எழுதி, உங்கள் கோப்புகளைத் திரும்ப வைத்துத் தருவோம்.

வரும்போது 32 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட தம்ப்டிரைவைக் கொண்டு வாருங்கள். அதில் இருப்பவை அனைத்தும் அழிக்கப்படும் என்பதால், வேண்டியவற்றை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மிக மலிவாக வாங்கியதாக இருந்தால், உறையில் எழுதியுள்ள கொள்ளளவு உண்மையில் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்ப்போம். இந்தச் சோதனைக்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அன்று கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைக் குழுவினர்
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்