ஐந்து நாள் தா, மச்சான்

திருகோணமலை,
வைகாசி.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முழங்கால் வலி குறைந்தது நல்ல செய்தி. நாங்களும் சுகம். மூத்தவளுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் கிடைத்து, இப்போது சனி ஞாயிறில்தான் வந்து போகிறாள். மற்ற நாட்களில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ ஆடியில் பிள்ளைகளோடு வருகிறாய் என்று சொன்னதும் மனிசி முன் அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து நாளும் கடற்கரை ஹோட்டலில் தங்கி, சாப்பாடு, வாகனம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாகப் பேசியிருக்கிறாய். வேண்டாம் மச்சான். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. உன் பிள்ளைகள் முதல் தரமாக இந்த ஊரைப் பார்க்கப் போகிறார்கள். நீச்சல் தடாகமும் சாய்கதிரையும் அவர்கள் வேறெங்கும் பார்த்திருப்பார்கள். நாம் பிட்டும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்ட தெருவை யார் காட்டுவது?

எங்கள் வீடு இருக்கிறது. தங்கச்சிக்குக் கூச்சமாக இருந்தால் டைக் வீதியில் கடலைப் பார்த்தபடி சின்ன விடுதிகள் இருக்கின்றன. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியத் திருகோணமலை. ஒரு இரவு அறைக் காசும் மிச்சம். நேரத்தை மட்டும் புறப்படும் முன் கேட்டுக்கொள். ஊருக்குள் பஸ், தூரம் என்றால் ஓட்டோ, ஏறும் முன்பே கூலி பேசிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்ப வேண்டியதே இல்லை. காலையில் டைக் வீதிக் கரையில் வள்ளம் தட்டியதும் கணவாயோ பாரையோ வாங்கி வந்தால் மனிசி பார்த்துக்கொள்வாள்.

ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், மறந்திருக்க மாட்டாய். பத்து மணிக்குப் பிறகு வெளியே தலை காட்ட முடியாது. ஆகவே எல்லாவற்றையும் விடியற்காலையில் வைத்துக்கொள்வோம். நடுப்பகல் தூக்கம், மாலையில் மறுபடி வெளிக்கிடலாம்.

முதல் நாள் கோணேசர் கோயில். பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்தே நடந்து போவோம், வாகனம் வேண்டாம். அந்த வாசலில் நம் சின்ன வயதில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கல்லில் பாண்டியரின் கயல் சின்னம். பக்கத்தில், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் தமிழ் எழுத்து. சம்பந்தர் பாடிய அந்தக் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஒவ்வொரு நாளும் அந்த வாசலால் ஓடித் திரிந்தோமே, நாம் கடந்து போனது கோயிலின் கற்களை என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உன் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் கிடைத்த கதையும், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் சுழியோடி இடிபாடுகளைக் கண்ட கதையும் அவர்களுக்குப் பிடிக்கும். பிள்ளைகள் கடலை எட்டிப் பார்க்கும்போது சொன்னால்தான் அந்தக் கதைக்கு உயிர் வரும்.

கோயிலருகே பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டு அப்படியே இருக்கிறது. பாறை விளிம்பு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டும் தொட்டில்கள் இன்னும் காற்றில் ஆடுகின்றன. நீ பிறக்க உன் அம்மா அங்கே கட்டியதாகச் சொல்வாரே, அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டு.

புள்ளிமான்கள் இப்போது கோட்டையோடு நிற்பதில்லை, பஸ் நிலையம் வரை வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் குப்பையில் கிடக்கும் பொலித்தீனைத் தின்று சாகின்றன, அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிஸ்கட் உறையை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு விடியற்காலை போதும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது சின்னவன் கத்துவான் பார். தாய்க்குக் கடன் செய்ய இராவணன் வாளால் குத்தி எடுத்த நீர் என்று சொல்வார்களே, அந்த நம்பிக்கையில்தான் அப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு நானும் அங்கே போனேன். நீ அப்போது வர முடியாமல் இருந்தாய். ஆகவே உல்லாசப் பயணிகளின் கூட்டம் சேருமுன் போவோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும் எனக்கு.

புறாத்தீவு மலிவு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் அதிகம். வள்ளக் கூலி வள்ளத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதனால் நிலாவெளியில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் பாதியாகும். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான். 2003இல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். அதற்கு முன், வெள்ளைக்காரன் காலத்தில், பீரங்கி சுட்டுப் பழகும் இலக்காக இருந்த தீவு. இப்போது கண்ணாடி போட்டு நீருக்குள் முகத்தை வைத்தால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் காலடியால் போகும், ஒன்றும் செய்யாது. போன ஆவணியில் நான் போயிருந்தபோது ஒரு வள்ளக்காரர் ஆழமில்லாத இடத்தில் ஆட்களைப் பவளப் பாறை மேலேயே இறக்கிவிட்டார். அது கல் இல்லை, உயிர் என்று சொன்னேன், யாரும் காதில் போடவில்லை. வீடு வந்தும் அன்று முழுக்க மனம் ஆறவில்லை. உன் பிள்ளைகள் மிதந்து பார்க்கட்டும், எங்கும் காலூன்ற வேண்டாம்.

அப்புறம் கிண்ணியா. இதை நீ கேட்கவே இல்லை, ஆனால் நான் உன்னை எங்கே கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்தால் முதலில் இதுதான் வருகிறது. கூட்டாளி வீட்டுக் கலியாணத்துக்குப் போய், கடைசிப் பாதையை, அந்த மிதவைப் படகை, தவறவிட்டு, விடியும்வரை கரையில் பசியோடு உட்கார்ந்திருந்தோமே! யாரென்றே தெரியாத ஒரு முஸ்லிம் காக்கா பாயும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து தந்தார். இப்போது பாதை இல்லை. 2009இல் பாலம் திறந்துவிட்டார்கள், 396 மீற்றர், பஸ் சில நிமிடத்தில் தாண்டிவிடும். நான் ஒவ்வொரு முறையும் வலப்பக்க யன்னலோரம் இருந்து பழைய துறை எந்த இடம் என்று தேடுவேன். நீயும் வந்து பார், உனக்காவது பிடிபடுகிறதா என்று.

அங்கிருந்து அதே வழியில் மூதூர் வரை போகலாம். 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டது அந்தக் கொட்டியாரக் குடாக் கரையில்தான். கண்டி அரசன் பத்தொன்பது வருடம் விடவில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் எருமைத் தயிரே போதும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், கித்துள் பாணி ஊற்றி.

ஒரு நாள் மிஞ்சினால் அநுராதபுரத்துக்குப் பஸ் இருக்கிறது. விடிய வெளிக்கிட்டால் இரவுக்குள் திரும்பலாம். திமிங்கலம் பார்க்க வள்ளம் போகிறது, ஆனால் ஆவணிக்குள் முடிந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் சுவாமி மலையில் நின்றே நீர் பீச்சுவதைக் காணலாம், நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

ஹோட்டலுக்கு முற்பணம் கட்டியிருந்தால் திருப்பித் தருவார்களா என்று இன்றே கேள். ரயிலில் இருக்கை பதிந்ததும் நாளை எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருவேன். உன் பெரியவள் மீன் சாப்பிடுவாளா, மரக்கறி மட்டுமா என்று மனிசி கேட்கச் சொன்னாள். அதையும் மறக்காமல் எழுது.

உன் அன்பு நண்பன்