மாடி வேலை பத்தி

அன்புள்ள பாண்டிக்கு,

அப்பா எழுதுறது. போன் போட்டா ரெண்டு நிமிஷத்துல "வேலையா இருக்கேன்ப்பா"ன்னு வச்சிடுற. அதான் எழுதுறேன். நேரம் கிடைக்கும்போது படி. வேளைக்குச் சாப்பிடு.

மாடித் தளம் போன செவ்வாய்க்கிழமை போட்டாச்சு. கம்பி எல்லாம் இஞ்சினியர் வரைபடப்படிதான். கம்பியத் தூக்கி நிறுத்துற முக்கால் இஞ்ச் கட்டி, அந்தக் கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில நானே ஒவ்வொன்னா எண்ணி வச்சேன். அது நகர்ந்து கம்பி அடியில இருக்கிற சென்ட்ரிங் சீட்டைத் தொட்டுட்டா அப்போதைக்கு ஒன்னும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சுத் துரு ஏறிக் கம்பி உப்பும், சிமெண்ட் பாளம் பாளமா விழும். கலவை சிமெண்ட் ஒன்னு, மணல் ஒன்னரை, ஜல்லி மூணு. சிமெண்ட் மூடைக்குத் தண்ணி 25 லிட்டர், மிஞ்சினா 27. ஆளுக எப்பவும் இளகலாத்தான் கேப்பாங்க, தள்ளுறதுக்குச் சுலபம். அந்தக் கூடுதல் தண்ணி காயும்போது விட்டுட்டுப் போற ஓட்டை வழியாத்தான் பின்னாடி மழை ஒழுகும். கலவை மெஷின்காரர்கிட்ட சத்தம் போட்டுட்டேன். மத்தியானம் சோறு போட்டுச் சமாதானம் பண்ணியாச்சு.

இப்ப பாத்தி கட்டித் தண்ணி நிக்குது. நாம வாங்கினது சாம்பல் கலந்த சிமெண்ட், இந்த வைகாசி வெயிலுக்கு 14 நாள் தண்ணி நிக்கணும். தளத்தைத் தாங்குற முட்டும் 14 நாள் நிக்கணும். சுவருக்குச் சுவர் 15 அடிக்குள்ள இருந்தா ஏழு நாள் போதும், நம்ம ஹால் 16. முட்டு அடிச்ச சென்ட்ரிங்காரர் வேற இடத்துல வேலை இருக்குன்னு ஏழாம் நாளே பிரிக்கக் கேட்டார். முடியாதுன்னுட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு. அந்தக் காலோட வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயில் மொட்டைக் கோபுரம் முனீஸ்வரருக்கு எலுமிச்சை மாலை சாத்திட்டு வந்தா. யாருக்கு வேண்டுதல்னு கேட்டேன், பதில் இல்ல. ஒத்தக்கடைப் பையன் ஊருக்கு வந்திருக்கான், டீக்கடையில பார்த்தேன். உங்க கம்பெனியப் பத்தி என்னமோ சொல்ல வாயெடுத்தான். நான் மேல கேட்டுக்கல.

இனிமே எழுதுறதக் கவனமாப் படி. தளம் போட்டதோட வேலைய நிறுத்தி வைக்கிறது ஊர்ல நடக்காதது இல்ல. ஆறு மாசம் நிறுத்தலாம், ஒரு வருஷமும் நிறுத்தலாம். தளத்தையே பாதியில விட்டாத்தான் கேடு, பழசும் புதுசும் சேர்ற இடத்துல விரிசல் விடும். நம்ம வேலை அந்த இடத்தைத் தாண்டியாச்சு.

நிறுத்தணும்னா செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேல நீட்டிக்கிட்டு நிக்கிற தூண் கம்பிக்குச் சிமெண்ட் பால் ரெண்டு தடவை பூசிச் சாக்கச் சுத்திக் கட்டணும். திரும்ப ஆரம்பிக்கும்போது கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா போதும். லேசாச் செம்பட்டை ஏறினா பயமில்ல, செதில் செதிலா உதிர்ந்தாத்தான் ஆகாது. மாடிப்படிக் கூண்டுக்கு ரெண்டடி எழும்பின சுவர் மண்டையில ஒரு இஞ்ச் கலவை தேய்ச்சு மூடிடணும், இல்லைன்னா மழைத்தண்ணி செங்கல்ல இறங்கிக் கீழ்வீட்டுச் சுவர்ல வந்து நிக்கும். கரண்டு பைப் வாயெல்லாம் அடைச்சு வைக்கணும், குளவி கூடு கட்டிட்டா அப்புறம் ஒயர் போகாது. மழைத்தண்ணி போற ஓட்டையில கலவைக்கட்டி கிடக்கும், அதைத் தோண்டி எடுத்துடணும். தற்காலிக கரண்டைத் துண்டிச்சுடலாம், அதுக்கு யூனிட் விலை கூட. மிச்சம் 14 மூடை சிமெண்ட் இருக்கு. மூணு மாசம் கிடந்தா அஞ்சுல ஒரு பங்கு பலம் போயிடும், மழைக்காலத்துல கட்டியாவே ஆயிடும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டார். நான் போய்க் கேட்டு வச்சிருக்கேன்.

கேட்டுத்தான் வச்சிருக்கேன். நிறுத்துன்னு உன்கிட்ட சொல்லல.

ஊர் பேசும்தான். உன் மாமா இப்பவே ரெண்டு தடவை கேட்டாச்சு. மீனாட்சி கோயில் புது மண்டபத்துக்குக் கிழக்க திருமலை நாயக்கர் ஆரம்பிச்ச ராய கோபுரம் 17ஆம் நூற்றாண்டுலேர்ந்து அடிநிலையோடதான் நிக்குது, சுத்திலும் யாவாரம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கோயில் வடக்குக் கோபுரத்துக்கு மேல்நிலை ரொம்ப காலம் கழிச்சு, 19ஆம் நூற்றாண்டுல நகரத்தார் கட்டினாங்க. கட்டி முடிச்சும் இன்னிக்கு வரைக்கும் அது மொட்டைக் கோபுரம்தான். ஊர் வாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

இந்தத் தெருவுல வெளிநாடு போய் ரெண்டே வருஷத்துல கீழ்வீட்டுக் கடனை அடைச்சவன் நீ ஒருத்தன்தான். அதை நான் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. ஆனா ரெண்டு மாசமா "ம்", "சரிப்பா" தவிர ஒரு வார்த்தை இல்லையேடா. பெத்தவங்களுக்கு இதுகூடவா தெரியாது?

கிரகப்பிரவேசத்தன்னிக்கு வேட்டி துண்டு வாங்கிட்டுக் கடைசிப் பந்தியில உக்கார்ற கொத்தனார்கிட்ட கேட்டுப் பாரு, அன்னிக்கு அவனுக்குப் பெருசா ஒன்னும் இருக்காது. அவனுக்கு மனசு நிறையிறது வேற இடத்துல. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில, மேல கட்டைய சுவரோட அழுத்திப் பிடிச்சுக் குண்டைக் கீழ விடுவோம்ல, கட்டையும் குண்டும் ஒரே அகலம். குண்டு விலகித் தொங்கினா சுவர் தலை வெளிய சாயுது. சுவர்ல இடிச்சு உக்காந்தா கீழ தொந்தி போட்டிருக்கு. இடிக்காம விலகாமச் சும்மா உரசிக்கிட்டு நின்னு ஆட்டம் அடங்கும் பாரு, அதுதான். பக்கத்துல நிக்கிற சித்தாளுக்குக்கூடத் தெரியாது. பூச்சு பூசினா அந்தச் சுவரே மறைஞ்சிடும். அப்படி ஒரு சாயங்காலம் அமைஞ்சா கூலி கம்மியா இருந்தாலும் ராத்திரி சோறு இறங்கும். உனக்கு அங்க அப்படி ஏதும் இருக்கான்னு இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. எவ்வளவு அனுப்புவேன்னு மட்டும் கேட்டிருக்கேன்.

ஆவணியில பால் காய்ச்சுறோம்னு நீ சொல்லல. அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்துல நின்னப்ப சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் நான்தான் சொன்னேன். மாடி வேணும்னு கேட்டதும் நான்தான். நீ கீழ்வீடு போதும்ப்பான்னே சொன்ன. நமக்கு அது போதும்தான், மூணு பேர். அடுத்தவன் மாடியாவே கட்டின கைக்கு நம்ம பேர்ல ஒன்னு வேணும்னு இருந்துச்சு. அந்தச் சுமைய உன் தலையில வச்சுட்டேன். தப்புதான்.

வேளைக்குச் சாப்பிடு. வெயில்ல நிக்காத. யார்கிட்டயும் வட்டிக்கு வாங்கி அனுப்பாத, திரும்பவும் சொல்றேன், வட்டிக்கு மட்டும் வாங்காத. கொத்தனார் கூலிக்குன்னு எடுத்து வச்ச பணம் அப்படியே இருக்கு, டிக்கெட்டுக்கு ஆகும்.

ராத்திரி எட்டரைக்கு மேல நான் மாடியில தண்ணி விட்டுக்கிட்டு இருப்பேன். அம்மா கால் வலியில படியேற மாட்டா. அந்த நேரம் என் போனுக்கு அடி.

அப்பா