சுவடு இருக்க ‘டிரேஸ்’ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘பழைய ஏரியின் டிரேஸ்கூட இல்லை’, ‘குரலில் கோபத்தின் ஹின்ட் தெரிந்தது’ என்றெல்லாம் செய்திகளில் எழுதும் வழக்கம் பெருகிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. ஒன்று மறைந்த பிறகு எஞ்சி நிற்கும் சிறு அடையாளத்தைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? மணலில் பதிந்த காலடி சுவடு. ஆறிய புண் விட்டுச்செல்வது வடு. பேரனின் முகத்தில் தெரிவது தாத்தாவின் சாயல். கழுவிய சட்டியில் மறுநாளும் விடாமல் நிற்பது மீன் வாடை. ஆங்கிலத்தில் இதே பொருளில் வழங்கும் ‘வெஸ்டிஜ்’ என்பதும் காலடித் தடத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே என்பதை அறியும்போது, நம் ‘சுவடு’ எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

முடிக்காமல் விட்ட வினையும் பகையும், அணைக்காமல் விட்ட நெருப்பைப் போலப் பின்னர்க் கெடுக்கும் என்று 674ஆம் குறளில் கூறும் வள்ளுவர், அங்கே ஆளும் சொல் ‘எச்சம்’.

வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் ‘பெருங்காயம் வைத்த பாண்டம்’ என்பார் என் பாட்டி. காயம் தீர்ந்து பல மாதங்களான தகர டப்பாவைத் திறந்து, என் மூக்கருகே நீட்டி அவர் அதன் பொருளை விளக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது.

மருத்துவப் பரிசோதனை அறிக்கையில் ‘டிரேஸ்’ என்று அச்சாவதை நான் குறை கூறவில்லை. அது அளவைக் குறிக்கும் துறைச்சொல். ஆனால், தூர்ந்துபோன வாய்க்காலையும் இடிந்த சத்திரத்தையும் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர்கள் சுவடு, எச்சம் ஆகிய சொற்களையே ஆள வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்