பழைய குரலையும் கூடவே வையுங்கள்

இத்தாலியில் பழைய அயல்மொழிப் படங்களை மறுபடி வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பலேர்மோவில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். பழைய படங்களுக்குப் புதிதாக இத்தாலிய டப்பிங் செய்யும்போது பழைய டப்பிங்கையும் கைவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இதன் இத்தாலியப் பிரதி தனியாக வந்து சேரும். தமிழில் எழுதுவது, என்னோடு உட்கார்ந்து படம் பார்க்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்று. நாங்கள் இத்தாலியன் பழகியதே பாதி தொலைக்காட்சியில் படம் பார்த்துத்தான். அதனால் ராபர்ட் டி நீரோ என்றால் என் காதில் விழுவது அவருக்கு இத்தாலியனில் டப்பிங் பேசிய ஃபெருச்சோ அமெண்டோலாவின் கரகரத்த குரல்.

1930-இல் டூரினில் பிறந்து சிறுவயதிலேயே டப்பிங்குக்கு வந்தவர் அமெண்டோலா. 1969-இல் வந்த ‘மிட்நைட் கவ்பாய்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மனுக்குப் பேசினார். டி நீரோ, அல் பசினோ ஆகியோருக்கும் அவர்தான். ஸ்டாலோனின் முதல் ‘ராக்கி’க்குப் பேசியவர் ஜிஜி ப்ரொயெட்டி, இரண்டாவதிலிருந்து அமெண்டோலா. எல்லோருக்கும் ஒரே குரலா என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. ஹாஃப்மனின் அந்த நோஞ்சான் ஏமாற்றுக்காரனையும் குத்துச்சண்டைக்காரன் ராக்கியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். 1995-இல் ‘ஹீட்’ படத்தில் டி நீரோவும் பசினோவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. டி நீரோவை அமெண்டோலா வைத்துக்கொண்டார், பசினோவுக்கு ஜியான்கார்லோ ஜியானினி பேசினார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. நடிகர் தோமாஸ் மிலியான் கியூபாவில் பிறந்தவர். ஆனால் ரோம் நகரத் தெருப்பேச்சில் வசை பொழியும் அவருடைய வேடங்களைப் பார்த்து ரோம்காரர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். அந்தத் தெருப்பேச்சு முழுக்க அமெண்டோலாவின் வாயிலிருந்து வந்தது.

2001-இல் அமெண்டோலா காலமானார். பிறகு ‘காட்ஃபாதர்’ சீரமைக்கப்பட்டு வந்தபோது இத்தாலியில் புதிதாக டப்பிங் செய்தார்கள். பசினோவுக்கு அமெண்டோலாவும் பிராண்டோவுக்கு ஜுசெப்பே ரினால்தியும் பேசியிருந்த ஒலித்தடத்தின் இடத்தைப் புதியது பிடித்துக்கொண்டது. இது புதுப் பழக்கமும் இல்லை. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் கிளார்க் கேபிளுக்கு எமிலியோ சிகோலி கொடுத்த குரலும் 1977-இலேயே மாற்றப்பட்டது.

உங்கள் காரணம் தெரியும். பழையது மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி; இன்றைய ஸ்பீக்கர்களுக்குப் பல தட ஒலி வேண்டும். சரி, செய்யுங்கள். புதிதாகப் பேசியவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர்களும் தேர்ந்த கலைஞர்கள். ஆனால் அந்தக் காலத்தில் நடிகர்கள் பலர் ஒரே மைக்கின் முன் சேர்ந்து நின்று, ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லி வசனம் பேசினார்கள். இன்று பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். பழைய தடத்தில் கேட்கும் அந்த உரசலை இப்போது யார் நினைத்தாலும் கொண்டுவர முடியாது.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. டிஸ்க்கோ இணையத் தளமோ, எதில் வெளியிட்டாலும் பழைய டப்பிங்கை இரண்டாவது ஒலித்தடமாகச் சேருங்கள். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். யார் யாருக்கு யார் பேசினார்கள் என்ற பட்டியலைப் படத்தின் முடிவில் படிக்கும் அளவுக்காவது ஓடவிடுங்கள். அடுத்த படத்தின் விளம்பரம் பாதியில் வந்து அதை மறைக்க வேண்டாம்.

பதில் இத்தாலியனிலேயே வரலாம். அமெண்டோலா புண்ணியத்தில் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பலேர்மோவிலிருந்து ஒரு ரசிகன்