ஆண்டறிக்கை: மாமி கொண்டுவந்த கிண்ணம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கனிம ஆர்வலர் குழு மும்பை செம்பூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடியது. ஜூலையில் மட்டும் மழையில் ரயில்கள் நின்றுபோனதால் கூட்டம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய செலவு புற ஊதா டார்ச். முதலில் வாங்கிய 395 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்ததால், கல் ஒளிர்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விசாரிக்காமல் வாங்கியது என் தவறு. அப்புறம் கருப்பு வடிகட்டிக் கண்ணாடி போட்ட 365 நானோமீட்டர் டார்ச் வாங்கினோம்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவிலிருந்து வரும் நம் மாமி, தன் அம்மா குங்குமம் வைத்திருந்த பழைய கண்ணாடிக் கிண்ணத்தை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தார். பகலில் பார்த்தால் வெளிறிய மஞ்சள், அவ்வளவுதான். ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு டார்ச்சைப் போட்டதும் கிண்ணம் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணாடி தடித்த அடிப்பாகத்தில் ஒளி இன்னும் அதிகம். ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய குங்குமம் மட்டும் கருப்பாகத் தெரிந்தது. யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

“இந்த வெளிச்சம் உடம்புக்கு ஆகாதா?” என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. அது யுரேனியம் கலந்த கண்ணாடி. ஒரு யுரேனிய அணுவும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த யுரேனைல் அயனி புற ஊதா ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. டார்ச்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். கதிரியக்கம் வேறு, அதற்கு டார்ச் தேவையில்லை. 1896-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆன்ரி பெக்கரெல் யுரேனிய உப்பைப் புகைப்படத் தகட்டோடு இழுப்பறையில் வைத்தார். வெயிலே படாமல் தகடு கருத்திருந்தது. அங்கேதான் இரண்டும் வேறு என்பது வெளிப்படத் தொடங்கியது. கிண்ணத்தில் இருக்கும் யுரேனியம் கொஞ்சம்தான். இருந்தாலும் அதில் சாப்பிட வேண்டாம் என்று மாமியிடம் சொன்னோம்.

இன்னொன்றும் உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும். யுரேனியக் கனிமமான ஆட்டுனைட் பளீரென்று ஒளிரும். அதற்கு நெருங்கிய டார்பர்னைட்டில் கால்சியத்துக்குப் பதில் செம்பு இருப்பதால் ஒளி அடங்கிவிடுகிறது. யுரேனியத்தின் முக்கியத் தாதுவான யுரேனினைட்டும் ஒளிராது. யுரேனியமே இல்லாத வில்லமைட்டோ மாங்கனீஸால் பச்சையாக ஒளிரும். ஆகவே டார்ச்சை மட்டும் நம்பி எந்தக் கல்லுக்கும் பெயர் வைக்காதீர்கள்.

இதைப் பார்த்தபின் சிலர் யுரேனியத் தாது வாங்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். தூளாகி மூச்சில் போனாலும் கெடுதல்.

அடுத்த ஆண்டு 254 நானோமீட்டர் விளக்கு வாங்க செயற்குழு ஒப்புதல் கேட்கிறேன். அது கண்ணுக்கும் தோலுக்கும் கூடுதல் ஆபத்து என்பதால், ஆறு பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கும் சேர்த்தே ஒப்புதல் வேண்டும்.

செயலாளர்