என் பாக்கெட்டில் இருந்த மெடிக்கெய்ட் அட்டை: எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொங்கல் விழாப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிற ஆள். போன பொதுக்குழுவில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன்: ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை இறுக்கும் புதிய சட்டத்தை எதிர்க்கும் கடிதங்களில் நம் சங்கத்தின் பெயரும் இருக்கட்டும் என்று. "சங்கம் அரசியலில் தலையிடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டோம். அன்று மைக் கையில் இருந்தபோது சொல்லக் கூச்சப்பட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

2024-இல் ஏழு மாதம் நானும் என் மனைவியும் மெடிக்கெய்டில் இருந்தோம்.

ஆமாம், மெடிக்கெய்ட்தான். வயதானவர்களுக்கான மெடிகேர் இல்லை, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. நாம் வாட்ஸப்பில் "நம்ம வரிப்பணத்துல உட்கார்ந்து சாப்பிடறாங்க" என்று ஃபார்வர்டு பண்ணுகிறோமே, அதே மெடிக்கெய்ட். வட கரோலினாவின் கேரி நகரில் சொந்த வீடு, வாசலில் இரண்டு கார், உள்ளே இது.

பிப்ரவரியில் பன்னிரண்டு நிமிட வீடியோ அழைப்பில் என் வேலை போனது. மாதக் கடைசியோடு இன்சூரன்ஸும் போனது. அப்புறம் கோப்ரா கவர் வந்தது: அதே இன்சூரன்ஸை நீங்களே வைத்துக்கொள்ளலாம், குடும்பத்துக்கு மாதம் 2,100 டாலருக்குச் சற்று மேல். வட கரோலினா எனக்குக் கொடுத்த வேலையில்லா உதவித்தொகை வாரம் 350, அதுவும் பன்னிரண்டு வாரம்தான். எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலரின் பின்பக்கம் இன்னும் எத்தனை பஃப் பாக்கி என்று காட்டும் சின்ன எண் இருக்கும். ஏப்ரலில் அது 14-க்கு வந்துவிட்டது. ராத்திரி இழுப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, இது தானாக அடங்கிவிடுமா, அல்லது ஒரு பஃப் செலவழிக்க வேண்டுமா என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இருபது வருடம் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்ட எந்தக் கணக்கும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

கவுன்ட்டி அலுவலகத்தில் என் காகிதங்களைப் புரட்டிய கறுப்பினப் பெண்மணி நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்." கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருந்ததும், இந்த மாநிலத்தில் மெடிக்கெய்ட் விரிவாக்கம், அதாவது வருமானம் குறைந்த இன்னும் பல பெரியவர்களுக்கும் அதைத் திறந்துவிடுவது, 2023 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கியிருந்ததும் சேர்ந்துதான் எனக்கு அந்த அட்டையைக் கொடுத்தன.

இது ஏன் 2023 வரை வரவில்லை என்று அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

ஒபாமா 2010-இல் கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் இது இருந்தது. அந்தச் சட்டத்துக்காக ஊர் ஊராகக் கதவைத் தட்டியவர்களில் தொழிற்சங்கத்துக்காரர்களும், கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.-காரர்களும் முக்கியமானவர்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம், விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. 2013 மார்ச்சில் நம் கவர்னர் பாட் மெக்ரோரி, வேண்டாம் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே சட்டமன்றம்தான் வேலையில்லா உதவித்தொகையின் உச்சவரம்பை 535 டாலரிலிருந்து 350-க்கு இறக்கியது. நான் 2024-இல் வாங்கிய 350 அதுதான்.

இவற்றை எதிர்த்து அதே வருடம் ஏப்ரல் 29, திங்கட்கிழமை, மாநில என்.ஏ.ஏ.சி.பி.-யின் தலைவராக இருந்த பாதிரியார் வில்லியம் பார்பரும் இன்னும் பதினாறு பேரும் தலைநகர் ராலேயில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் பாடி, ஜெபித்து, கைதானார்கள். அடுத்த திங்கள் இன்னும் அதிகம் பேர், அதற்கடுத்த திங்கள் அதைவிட அதிகம். அந்தக் கோடை முடிவதற்குள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதாகியிருந்தார்கள். ஆசிரியர்கள், டாக்டர்கள், ஓய்வு பெற்ற பாட்டிகள், அரசு ஊழியர்களின் யூ.இ. 150 சங்கத்துக்காரர்கள் என்று எல்லோரும் வந்த போராட்டம் அது. யூ.இ. 150-ஐத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் அரசு ஊழியர் சங்கம் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடவே 1959-லிருந்து சட்டப்படி தடை. தன் சொந்தச் சம்பளத்துக்கே பேரம் பேச முடியாதவர்கள் ஊரார் வைத்தியத்துக்காக வந்து நின்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமைகளில் நான் எங்கே இருந்தேன்? பேட்மின்டன். சட்டமன்றம் அங்கிருந்து இருபது நிமிடம்கூட இல்லை. ராலே பக்கம் டிராஃபிக் என்று சலித்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போராட்டத்தால் மட்டுமே விரிவாக்கம் வந்தது என்று கதை விடமாட்டேன். மருத்துவமனைகளுக்குப் பணம் வேண்டியிருந்தது, வாஷிங்டன் கூடுதல் நிதி தருவதாகச் சொன்னது, எதிர்த்த கட்சியின் தலைவர்களே கடைசியில் மனம் மாறினார்கள். ஆனால் பத்து வருடம் அந்தப் பேச்சு செத்துவிடாமல் வைத்திருந்தது யார்? நாம் இல்லை. முதல் ஒரு வருடத்திலேயே ஆறு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதில் நாங்கள் இரண்டு பேர்.

இன்னும் பின்னால் போனால், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கிரீன்ஸ்பரோ. நாம் பிள்ளைகளைச் சயின்ஸ் சென்டருக்கு அழைத்துப் போகிற ஊர். அங்கே ஜார்ஜ் சிம்கின்ஸ் என்று ஒரு கறுப்பினப் பல் டாக்டர். அவருடைய நோயாளி ஒருவருக்குப் பல்லில் சீழ் வைத்துக் காய்ச்சல். கறுப்பர்களுக்கான மருத்துவமனையில் படுக்கை காலி இல்லை, அரசுப் பணம் வாங்கிக் கட்டிய மற்ற இரண்டு மருத்துவமனைகளும் சேர்க்க மாட்டோம் என்றன. சிம்கின்ஸ் 1962-இல் வழக்குப் போட்டார், 1963-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். அப்புறம் தொழிற்சங்கங்கள் வருடக்கணக்கில் கேட்டு வாங்கிய மெடிகேர் 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பாகுபாடு காட்டினால் அந்தப் பணம் கிடையாது என்றதும், சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தனி வார்டு முறையைக் கைவிட்டன. இன்று நம் நிறத்தில் ஒரு ஆள் மூச்சுத் திணறிக்கொண்டு போனால் எந்த வாசலிலும் யாரும் தடுப்பதில்லை. இதில் நாம் கொடுத்த விலை என்ன?

என் அப்பா ரயில்வே யூனியன்காரர். சந்தா ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்கு எல்லா வைத்தியமும். அவர் பிள்ளை நான், எங்கள் துறையில் யூனியன் தொல்லை கிடையாது என்று விருந்துகளில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான கூட்டரசுச் சட்டப்படி, 2027 தொடக்கத்திலிருந்து விரிவாக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூகப்பணி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியையும் நிரூபிக்க வேண்டும். வேலை போய் ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதோடு, விரிவாக்கச் செலவில் வாஷிங்டன் தரும் 90 சதவீதப் பங்கு குறைந்தால் விரிவாக்கம் தானாக நின்றுவிடும் என்று நம் மாநிலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விசாவில் இருப்பவர்களையும் இது விடவில்லை. 2027 முதல் எச்1பி-காரர்கள் ஒபாமா சட்டத்தின் சந்தையில் தாங்களே வாங்கும் இன்சூரன்ஸுக்கு அரசு மானியம் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இதை எதிர்த்து யூனியன்களும் மனித உரிமை அமைப்புகளும் ஒன்றாகக் கையெழுத்திடும் கடிதங்களில் நம் சங்கத்தின் பெயரும் இருக்கட்டும். சித்திரை விழா மேடையில் அவர்களில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். ரியல் எஸ்டேட் ஸ்பான்சருக்கு இருபது கொடுக்கிறோம். வரிவிலக்குப் போய்விடும் என்று பொருளாளர் அண்ணன் பயப்பட வேண்டாம். வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பதுதான் கூடாது, ஒரு சட்டத்தைப் பற்றி ஓர் அளவுக்குள் கருத்துச் சொல்லத் தடையில்லை.

அடுத்த கூட்டத்தில் இதை ஓட்டுக்கு விடுங்கள். தோற்றால் தோற்கட்டும், எத்தனை கை தூக்கியது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். இன்னொன்று, அந்த ஏழு மாதத்தில் கவுன்ட்டி அலுவலக வரிசையில் நம் சங்கத்துக்காரர் இரண்டு பேரைப் பார்த்தேன். மூன்று பேரும் போனை எடுத்துக் குனிந்துகொண்டோம். அவர்கள் இதைப் படித்தால், என்னிடம் பேசலாம்.

அன்புடன்,
சாம்பார் வாளிக்காரன்